300 வெள்ளிக்குள் ஒரு பியானோ

“பியானோ வகுப்பை நிறுத்திடலாம்ணா. காசாவது மிச்சமாகும்.”

உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்த தங்கை சென்ற ஆண்டு இப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஓய்வுபெற்ற பிறகு வீட்டுச் செலவு என் பொறுப்பு. அது அவளுக்கும் தெரியும். ஆனால், காசு மட்டும் காரணமல்ல. வீட்டில் இருந்தது இணையத்தில் பழையதாக வாங்கிய 88 கட்டை மின்னியல் பியானோ. கட்டைகள் நன்றாகவே கனக்கும். ஒலிதான் தகர டப்பா. மெல்லத் தொட்டாலும் அழுத்தி வாசித்தாலும் ஒரே குணம். அதில் பழகிவிட்டு ஆசிரியையின் நிஜப் பியானோ முன் உட்காரும்போது அவளுக்குக் கை தடுமாறியது. உட்லண்ட்சில் எங்கள் நாலறை வீவக வீட்டில் நிஜப் பியானோ வைக்க இடமும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை.

அந்தக் கருவியைக் கணினியுடன் இணைத்து, ஒலியை மட்டும் மென்பொருளிலிருந்து பெறலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். 300 வெள்ளி ஒதுக்கினேன்.

தள்ளுபடியில் ஏமாந்தேன்

முதலில் அவசரப்பட்டேன். தள்ளுபடியில் வந்த ஒரு பியானோ ஒலித்தொகுப்பை 60 வெள்ளிக்கு வாங்கினேன். பதிவிறக்கம் முடியவே ஓர் இரவு ஆனது. மடிக்கணினியில் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் அது விழுங்கிவிட்டது. திறந்து பார்த்தால், அதை இயக்க வேறொரு மென்பொருளின் முழுப் பதிப்பு வேண்டுமாம். இலவசப் பதிப்பில் 15 நிமிடங்களில் ஒலி நின்றுவிடும். முழுப் பதிப்பின் விலையோ என் மொத்த பட்ஜெட்டைத் தாண்டியது. விற்பனைப் பக்கத்தில் இந்த விவரம் சிறிய எழுத்தில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இரண்டு வகை

அதன் பிறகு நிதானமாகப் படித்தேன். மெய்நிகர் பியானோக்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதல் வகையில், ஒரு நிஜப் பியானோவைப் பல அழுத்தங்களில் வாசித்துப் பதிவுசெய்திருப்பார்கள். நாம் கட்டையைத் தொடும்போது பொருத்தமான பதிவு ஒலிக்கும். அதனால்தான் இவை பல கிகாபைட் இடம் பிடிக்கின்றன.

இரண்டாம் வகையில் ஒலிப்பதிவே இல்லை. சுத்தியல் கம்பியில் படுவது, கம்பி அதிர்வது, பலகை முழங்குவது என எல்லாவற்றையும் கணினி அந்தக் கணமே கணக்கிடுகிறது. பிரான்சின் துலூஸ் நகரில் உருவான ‘பியானோடெக்’ இந்த வகை. இதற்கு வழிகாட்டிய ஃபிலிப் கியோம் முன்பு பியானோக்களுக்குச் சுருதி கூட்டியவர். பின்னர் கணித ஆய்வாளரானவர். இது 100 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுவதால் எங்கள் பழைய மடிக்கணினிக்குச் சுமையில்லை.

முதலில் இலவசங்களைப் பார்த்தோம். ‘சாலமாண்டர் கிராண்ட் பியானோ’, யமஹா சி5 பியானோவை 16 அழுத்த நிலைகளில் பதிவுசெய்த தொகுப்பு. ‘ஸ்ஃபோர்சாண்டோ’ என்ற இலவச மென்பொருளில் இயங்கும். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ‘கராஜ்பேண்ட்’டிலேயே பியானோ உண்டு. செலவே செய்ய முடியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை.

பிறகு பியானோடெக்கின் சோதனைப் பதிப்பு. ஒவ்வொரு முறையும் 20 நிமிடங்கள்தான் ஓடும், சில கட்டைகள் ஒலிக்காது. ஆனாலும், எல்லாப் பியானோக்களையும் வாசித்துப் பார்க்கலாம். ஒரு வாரம் நான் வாய் திறக்கவில்லை. ஒரே பாடலை மாற்றி மாற்றி வாசித்தவள், “மெல்ல வாசிக்கிற இடத்துலதான்ணா வித்தியாசம் தெரியுது, இதுவே இருக்கட்டும்” என்றாள்.

கூடுதல் கருவிகள்

வாங்கியது ஆக மலிவான ‘ஸ்டேஜ்’ பதிப்பு. அதில் இரண்டு கருவித் தொகுப்புகளை நாமே தேர்ந்தெடுக்கலாம். எனக்கு மின்பியானோமீது ஆசை. “தேர்வுக்கு அது எதுக்குண்ணா?” என்று ஒரே கேள்வியில் அடக்கிவிட்டாள். ஸ்டெய்ன்வே டி ஒன்று. ஆசிரியை வீட்டில் இருப்பது நிமிர்ந்த வகைப் பியானோ என்பதால், அதே வகையான யூ4 மற்றொன்று. வேண்டுமானால் மற்றத் தொகுப்புகளைப் பின்னர் தனித்தனியாக வாங்கலாம். பழங்காலக் கருவிகள் சில, உரிமம் பெற்றவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன.

மிச்சப் பணத்தில் உடைந்திருந்த பெடலை மாற்றினோம். எந்த மென்பொருளானாலும் பெடல் சரியில்லை என்றால் பயனில்லை. ஹெட்ஃபோனும் கம்பியுள்ளதாக இருக்கவேண்டும். புளூடூத்தில் விரல் ஓரிடம், ஒலி ஓரிடம். கட்டையைத் தொட்ட பிறகு ஒலி தாமதமாக வந்தால், மென்பொருளின் ஒலி அமைப்பில் ‘பஃபர்’ அளவை 256 அல்லது 128க்குக் குறைத்துப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் ‘ஏசியோ4ஆல்’ என்ற இலவச இயக்கியும் உதவும்.

வீணான 60 வெள்ளியையும் சேர்த்து 300க்குள் முடிந்தது. மறுபடி வாங்குவதானால் இலவசம், சோதனைப் பதிப்பு, பிறகுதான் பணம் என்ற வரிசையில்தான் போவேன்.

தங்கை வகுப்பை நிறுத்தவில்லை. இரவு பத்து மணிக்கு மேலும் ஹெட்ஃபோனுடன் உட்கார்ந்திருப்பாள். கூடத்தில் எங்களுக்குக் கேட்பது கட்டைகளின் ‘டொக் டொக்’ மட்டும்தான். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பொறுக்காமல், “அதைக் கழற்றிட்டு வாசிம்மா, எங்களுக்கும் கேட்கட்டும்” என்றார். ஒலிபெருக்கியை இணைத்தேன். அவள் வாசித்து முடிக்கும்வரை அப்பா நாளிதழின் பக்கத்தைப் புரட்டவே இல்லை.