ஒன்பதாம் முகில்

அளவிறந்த மகிழ்ச்சியில் திளைப்பவனை ஆங்கிலத்தில் 'ஒன் கிளவுட் நைன்' என்பர். 'ஒன்பதாம் முகிலின்மேல் இருக்கிறான்' என்பது அதன் நேர்ப்பொருள். முகில் ஏன், அதிலும் ஒன்பது ஏன் என்னும் ஐயம் கற்பார்க்கு எழுதல் இயல்பே.

இதற்குப் பலரும் கூறும் விடை ஒன்றுண்டு. 1896 இல் வெளிவந்த அனைத்துலக முகிற் படநூல் முகில்களைப் பத்து வகையாக்கி எண்ணிட்டது. ஒன்பதாம் எண் பெற்றது, இடியோடு மழை பொழியும் கியூமுலோநிம்பசு என்னும் கார்முகில். 12 கிலோமீற்றருக்கும் மேலாக அஃது எழுதலுண்டு. ஆதலின் அதன் உச்சியில் இருப்பவன் இன்பத்தின் உச்சியில் இருப்பவனாயினான் என்பர்.

கேட்டற்கு இனிதாயினும் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று. அம்முகிலின் அகத்தே மேலும் கீழுமாய்க் கடுங்காற்று மோதும்; மின்னலும் ஆலங்கட்டியும் உள. வானவூர்தி செலுத்துவோர் அதனைக் கண்டால் விலகியே செல்வர். இன்பத்துக்கு இருப்பிடம் தேடுவோன் அங்குச் செல்லான்! இதனினும் வலிய சான்று எண்ணிலேயே உளது. 1935 இல் அமெரிக்காவில் வெளிவந்த குழூஉக்குறித் தொகுதியொன்று 'எட்டாம் முகில்' எனக் குறித்து, மிகு குடியால் வந்த மயக்கம் எனப் பொருள் தந்தது. 1960 இல் வெளியான அமெரிக்கக் கொச்சைமொழி அகராதியிலோ பெருமகிழ்ச்சியைக் குறிப்பது 'ஏழாம் முகில்'. ஜேர்மானியர் இன்றும் ஏழாம் முகில் என்றே வழங்குவர். படநூலின் எண்ணிலிருந்து இத்தொடர் பிறந்ததாயின், ஏழும் எட்டும் எங்ஙனம் புகுந்தன?

ஏழு என்னும் எண் அதனினும் பழைய தொடரொன்றை நினைவூட்டும். 'இன் செவன்த் ஹெவன்', அஃதாவது ஏழாம் விண்ணுலகில் இருத்தல் என்பதே அது. யூத மரபும் இசுலாமிய மரபும் விண்ணை ஏழடுக்காகக் கொண்டன. ஏழாவதே அவற்றுள் உயர்ந்தது. பூலோகம் முதலாகச் சத்தியலோகம் ஈறாக ஏழுலகம் எண்ணும் புராண மரபை அறிந்தோர்க்கு இக்கருத்துப் புதியதன்று. ஏழாம் விண்ணின் சாயலிலே ஏழாம் முகில் எழுந்தது எனவும், பேச்சுவழக்கில் எண் ஏறி ஒன்பதில் நின்றது எனவும் கொள்ளுதலே பொருத்தமாகும். 1968 இல் 'டெம்ரேசன்ஸ்' என்னும் அமெரிக்கக் குழுவினர் பாடிய பாட்டொன்று இத்தொடரையே பெயராகக் கொண்டு புகழ்பெற்றது.

வழங்குமிடத்து மாணாக்கர் வழுவும் இடம் ஒன்றுண்டு. விண்ணுலகுக்கு 'இன்', முகிலுக்கு 'ஒன்' என்பதே ஆங்கில வழக்கு. தமிழில் இரண்டிற்கும் 'இல்' உருபு அமையுமாதலின் அவர் ஒன்றற்கு மற்றொன்றை எழுதிவிடுவர். 'நைன்த் கிளவுட்' என்பதும் வழக்கன்று.

மொழிபெயர்ப்பாளன் 'அவன் ஒன்பதாம் முகிலில் இருந்தான்' என எழுதின், படிப்போர் வானிலை அறிக்கையோ என மயங்குவர். ஆங்கிலம் மகிழ்ந்தவனை மேலே ஏற்றுகின்றது. தமிழோ பெரும்பாலும் அவனை இன்பக் கடலில் ஆழ்த்துகின்றது, இன்ப வெள்ளத்தில் மிதக்க விடுகின்றது. 'தலைகால் தெரியாத மகிழ்ச்சி' என்னும் பேச்சுவழக்கு இதற்குப் பின்னும் பொருந்தும். எட்டாம் முகிலின் பழைய மயக்கமும் அதில் சிறிது உண்டு.