பாதை மாற மறுத்த பொம்மை ரயில்

எங்கள் பிள்ளையார்பட்டியில் ரயில் நிலையம் கிடையாது. கற்பக விநாயகரைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் காரைக்குடி ஜங்ஷனுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஆனால், போன நவராத்திரிக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளேயே ரயில் ஓடியது!

அந்த வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் அப்பா அனுப்பிய ரயில் செட் அது. நிஜ ரயிலை 87 மடங்கு சுருக்கிச் செய்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி. நம் அகலப் பாதையில் இது 1,676 மில்லிமீட்டர்! கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்க விட்டு, வயல் போல அமைத்திருந்தான். வயலைச் சுற்றித் தண்டவாளம். அதிலிருந்து ஒரு கிளைப் பாதை பிரிந்து, அட்டையில் செய்த குட்டி ஸ்டேஷனுக்குள் போய் முடியும்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கொலு பார்க்க ஆட்கள் வருவார்கள். மூன்று மணிக்குப் பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

"சார், பாதை மாறுற இடத்துல ரயில் தடம் புரளுது. பட்டனை ரொம்ப நேரம் அமுக்கிட்டே இருந்தேன், கருகின வாசம் வந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்."

"கெட்டுப் போச்சுன்னு யார் சொன்னது? பார்த்துட்டுப் பேசுவோம், வா" என்று கிளம்பினேன்.

ரயில் எப்படிப் பாதை மாறுகிறது தெரியுமா? ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது. தண்டவாளம் எங்கே கூட்டிப் போகிறதோ, அங்கேதான் சக்கரம் போகும். பாதை பிரியும் இடத்தை 'பாயிண்ட்' என்பார்கள். அங்கே கத்தி போலக் கூராகச் சீவிய இரண்டு தண்டவாளத் துண்டுகள் இருக்கும். இவற்றுக்கு 'நாக்கு' என்று பெயர். இரண்டு நாக்குகளும் சேர்ந்தே நகரும். ஒரு நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டினால், மற்றது விலகி நிற்கும். ஒட்டியிருக்கும் நாக்குதான் சக்கரத்துக்கு வழி காட்டும்.

பொம்மை ரயிலில் இந்த நாக்கை நகர்த்த இரண்டு கம்பிச்சுருள்கள் உண்டு. பட்டனை அழுத்தினால் ஒரு சுருளில் மின்சாரம் பாய்ந்து, அது காந்தமாகி, நடுவில் உள்ள இரும்புத் துண்டை 'டக்' என்று இழுக்கும். மறு பட்டனுக்கு மறு சுருள். ஒரு நொடி அழுத்தினால் போதும். விடாமல் அழுத்தினால் சுருள் சூடாகும், கருகியும் போகலாம். பையன் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

"முதல்ல ஒரு நோட்டு கொண்டா" என்றேன். அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்திருந்தான். எல்லாவற்றையும் கழற்றிவிடுவதில்தான் எல்லோருக்கும் ஆசை!

ரயிலை ஓட்டாமல் பாயிண்டை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கிளைப் பாதைக்கு எட்டு முறை மாற்றினோம். எட்டு முறையும் சரி. நேர்ப் பாதைக்கு எட்டு முறை மாற்றினோம். ஐந்து முறை நாக்கு சரியாக ஒட்டவில்லை. ஒரு பக்கம் மட்டும்தான் கோளாறு! நோட்டில் எழுதினான்.

அப்படியென்றால் கோளாறு எங்கே? பட்டனிலா, வயரிலா, சுருளிலா, நாக்கிலா? நான்கு இடங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாயிண்டில் வந்து சேரும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போட்டேன். (இது 12 வோல்ட் அடாப்டர். சுவரில் இருக்கும் 230 வோல்ட்டில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். வீட்டில் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.) இப்போது நேர்ப் பாதைக்கான பட்டன், கிளைப் பாதைக்கான சுருளை இயக்கும். பட்டனோ வயரோ பழுதென்றால், கோளாறு கிளைப் பாதைப் பக்கம் போக வேண்டும் இல்லையா? போகவில்லை! நேர்ப் பாதைக்கு மாறும்போதுதான் மறுபடியும் தகராறு. பட்டனும் வயரும் தப்பித்தன.

மீதி, சுருளும் நாக்கும். மீண்டும் பிளக்கைப் பிடுங்கி, நாக்கை விரலால் தள்ளச் சொன்னேன்.

"சார், ஏதோ தடுக்குது!"

மின்சாரமே இல்லாதபோதும் தடுக்கிறது என்றால் சுருள் மீது பழி போட முடியாதே! இதை முதலிலேயே செய்திருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும். வாத்தியாருக்கு வயரைக் கழற்ற ஆசை, என்ன செய்வது?

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரே ஒரு மணல் துகள்! கேழ்வரகு வயலுக்குத் தண்ணீர் தெளித்தபோது தெறித்திருக்கிறது. ரயில் கிளைப் பாதையில் போகும்போது அந்த இடைவெளி திறந்திருக்கும். மணல் உள்ளே விழும். நேர்ப் பாதைக்கு மாற்றினால் நாக்கு மணலில் முட்டி, முடியளவு தள்ளி நிற்கும். சக்கரத்தின் விளிம்பு அந்தச் சந்துக்குள் நுழைந்தால், முன்சக்கரம் ஒரு பாதை, பின்சக்கரம் ஒரு பாதை. குப்புற விழ வேண்டியதுதான்.

ஈர்க்குச்சியால் மணலைத் தள்ளி, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தான். டக்! கச்சிதமாக ஒட்டியது.

நிஜ ரயிலிலும் இதே சங்கடம் உண்டு. அங்கே நாக்கை மோட்டார் நகர்த்தும். இடையில் ஒரு ஜல்லிக்கல் மாட்டினால் போதும், நாக்கு ஒட்டாது. அதனால் நாக்கு சரியாக ஒட்டிப் பூட்டிக்கொண்டது உறுதியானால்தான் பச்சை விளக்கு எரியும்படி அமைத்திருப்பார்கள். இதைச் சோதிக்க ஊழியர்கள் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் துண்டை வேண்டுமென்றே இடையில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டிக்கொண்டால் அதுதான் ஆபத்து!

2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவில் பாஹாநாகா பஜார் நிலையத்தில் என்ன நடந்தது தெரியுமா? சிக்னல் வயரிங்கில் நேர்ந்த தவறால், பாயிண்ட் கிளைப் பாதைக்குத் திரும்பியிருந்தும், நேர்ப் பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கிளைப் பாதையில் நின்ற சரக்கு ரயில் மீது மோதியது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2024 அக்டோபர் 11-ம் தேதி இரவு, சென்னைக்கு அருகே கவரைப்பேட்டையிலும் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் இதே போலக் கிளைப் பாதைக்குள் புகுந்து, சரக்கு ரயில் மீது மோதியது. அங்கே நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. இதைச் சொன்னபோது பையன் நோட்டை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொரு சேதி. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்விக்கூடத்தில், மாணவர்கள் 1946-ல் பொம்மை ரயில் கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் அடிப்பதில் ஆசை. இன்னொரு கூட்டம் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, டெலிபோன் ரிலேக்களை வைத்துப் பாயிண்டுகளை இயக்கிக்கொண்டிருக்கும். இன்று கம்ப்யூட்டர் உலகில் புழங்கும் 'ஹேக்கர்' என்ற சொல், அந்த அர்த்தத்தில் பரவியது இவர்களிடமிருந்துதான். 1962-ல் வந்த 'ஸ்பேஸ்வார்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்த ஸ்டீவ் ரஸலும் அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்தான்!

சரி, நம் கொலுவுக்கு வருவோம். வயர்களைப் பழைய இடத்திலேயே மாட்டி, இருபது முறை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். பையன் டிக் போட்டுக்கொண்டே வந்தான். பதினாறு வரை சரி. பதினேழாவது முறை நாக்கு மறுபடி நின்றுவிட்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பார்த்தால், இன்னொரு மணல் துகள்!

"மணல் அங்கேயே இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டேதானே இருக்கும் சார்?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள், அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த அவன் அப்பத்தா எட்டிப் பார்த்தார். "ஏன்டா, வயலைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சா என்ன?"

மூன்று பேருமாகக் கேழ்வரகு வயலைப் பிள்ளையார் பொம்மைக்குப் பின்னால் நகர்த்தினோம். மறுபடி முதலிலிருந்து இருபது முறை. இருபதுக்கும் டிக்! ஆறு மணிக்கு ஆட்கள் வந்தபோது, ரயில் ஸ்டேஷனுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. இரவு அப்பாவுக்கு அவனே போன் செய்து, பட்டனை அமுக்கிய கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னானாம்.