பத்தியைப் படிச்சாச்சு, பதில் ஏன் வரலை? மேச்சேரி ஆட்டை வைத்து ஒரு விளக்கம்

முதலில் ஒரு குட்டி டெஸ்ட். இந்த வாக்கியத்தைப் படியுங்கள்: 'மூரன் கலுவையில் ஏழு தெப்பிகளை நிமிட்டினான்.'

மூரன் எங்கே நிமிட்டினான்? கலுவையில். எத்தனை தெப்பிகளை? ஏழு. ரெண்டுக்கும் முழு மார்க்! சரி, தெப்பி என்றால் என்ன? எங்களுக்கும் தெரியாது. எல்லாமே சும்மா உருவாக்கிய சொற்கள்.

பத்தியைப் படித்து விடை எழுதச் சொன்னால் பல மாணவர்கள் செய்வது இதைத்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடுவார்கள். மார்க் வந்துவிடும். புரிந்ததா இல்லையா என்பது டீச்சருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

எப்போது வெளியே தெரிந்தது?

15 வயது மாணவர்களுக்கு ஓஇசிடி அமைப்பு நடத்தும் 'பிசா' தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. வாசிப்பில் 74 இடங்களில் தமிழ்நாடு 72. முதலிடம் பிடித்த ஷாங்காய் 556 புள்ளிகள், நாம் 337. அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான அடிப்படை வாசிப்புத் திறனை எட்டியவர்கள் இங்கே சுமார் 17 சதவீதம்தான். ஓஇசிடி நாடுகளின் சராசரி 81 சதவீதம்.

கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. அடுத்தடுத்த சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. அப்படியானால் நம் ஊர் விஷயத்தையே எடுத்துப் பார்ப்போமே.

நம்ம ஊர் பத்தி

'மேச்சேரிச் செம்மறி ஆட்டின் உடலில் கம்பளி கிடையாது, குட்டையான முடிதான். நிறம் இளம் பழுப்பு. இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். இதன் தோலுக்கும் நல்ல மதிப்பு உண்டு. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.'

கேள்வி 1: ஆராய்ச்சி நிலையம் எங்கே உள்ளது? இதற்கு வரியைத் தேடினால் போதும்.

கேள்வி 2: கம்பளி விற்கலாம் என்று நினைத்து ஒருவர் இந்த ஆட்டை வாங்க வருகிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்? ஏன்?

இங்கேதான் சிக்கல். 'கம்பளி கிடையாது, குட்டையான முடிதான்' என்று மட்டும் எழுதினால் தகவல் சரி, ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை. 'வாங்க வேண்டாம் என்பேன். ஏனென்றால் இதன் உடலில் கம்பளி இல்லை. இறைச்சிக்கு என்றால் வாங்கலாம்' என்பதுதான் விடை.

எப்படிச் சொல்லித் தருவது?

1. முதலில் வாய், பிறகு பேனா. புத்தகத்தை மூடிவிட்டு 'என்ன படிச்ச, சொல்லு' என்று கேளுங்கள். பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும். எழுத்து நடைக்கு அப்புறம் மாற்றலாம்.

2. கேள்வியை உடைக்கச் சொல்லுங்கள். மேலே உள்ளதில் 'என்ன', 'ஏன்' என இரண்டு கேள்விகள். ஒன்றை விட்டால் பாதி மார்க் போச்சு.

3. முடிவு ஒரு வரி, ஆதாரம் ஒரு வரி. ஆதாரம் தரும் இடத்தைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, 'ஏனென்றால்' போட்டு அதைத் தன் சொல்லில் எழுத வேண்டும்.

4. திருத்தும்போது உடனே 'தப்பு' போடாதீர்கள். 'எந்த வரியை வெச்சு இப்படிச் சொல்ற?' என்று கேளுங்கள். எங்கே வழி தவறினான் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு முக்கியம்?

2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் இலக்கே, 8 வயதுக்குள் குழந்தைகள் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பதுதான். அங்கே தவறவிட்டால் பின்னாடி கணக்கு, அறிவியல் கேள்விகளும் புரியாது. நாளைக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும், வேலை ஒப்பந்தத்தைப் படிக்கும்போதும், அப்படியே எடுத்து எழுத அங்கே விடை இருக்காது.

வீட்டில் தம்பி, தங்கை, அக்கா பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? இன்றைக்கு ராத்திரி மேச்சேரி ஆட்டுப் பத்தியைக் கொடுத்து, ரெண்டாவது கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்.