கோர்ட்டில் ஒரு பிஞ்சுக் குரல்!

குழந்தையிடம் கேள்வி கேட்பது, வக்கீலுக்கு ஒரு தனிக் கலை

"உனக்கு எதிரியைத் தெரியுமா?"

ஏழு வயதுக் குழந்தையிடம் வக்கீல் இப்படிக் கேட்டால், அது என்ன பதில் சொல்லும்?

"எனக்கு எதிரி யாரும் இல்லை" என்று சொல்லும். அல்லது திருதிருவென்று விழிக்கும்.

குழந்தை பொய் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி" என்று சொல்வது நமது கோர்ட்டுகளில் வழக்கம். அது வக்கீலுக்குத் தெரியும். ஜட்ஜுக்குத் தெரியும். வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலிக்கும் தெரியும். குழந்தைக்கு எப்படித் தெரியும்? அது அறிந்த எதிரி, கதையில் ராஜாவோடு சண்டைக்கு வருகிறவன்தான்!

ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லால் உண்மை நழுவிப் போகிறது. "குழந்தைக்கு ஆளையே தெரியவில்லை" என்று காகிதத்தில் ஏறிவிடுகிறது.

குழந்தைகளுக்குக் கொடுமை செய்கிறவன் நாலு பேர் பார்க்கும்படி செய்வதில்லை. கண்ணால் கண்ட சாட்சி வேறு யாரும் இருப்பதில்லை. அந்தக் குழந்தையின் வாய்ச் சொல்தான் சாட்சி. அதைச் சரியாகக் கேட்டு வாங்கத் தெரியாத வக்கீல், வழக்கையே கோட்டை விட்டு விடுவார். தவறாகக் கேட்டு வாங்கினால், குற்றம் செய்யாத ஒருவர் ஜெயிலுக்குப் போகவும் நேரிடும்.

ஆகவே, இது விளையாட்டுக் காரியம் அல்ல.

எத்தனை வயதில் சாட்சி சொல்லலாம்?

"சின்னப் பிள்ளை சொல்வதைக் கோர்ட்டில் ஒப்புக் கொள்வார்களா?" என்று பலர் கேட்கிறார்கள்.

ஒப்புக் கொள்வார்கள். சாட்சி சொல்ல இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் வரம்பு எதுவும் இல்லை. 1872-ம் வருடத்துச் சாட்சியச் சட்டத்திலும் இல்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் இல்லை.

இரண்டு விஷயங்கள்தான் முக்கியம். கேட்கும் கேள்வி குழந்தைக்குப் புரிய வேண்டும். அதற்குப் பொருத்தமான பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

இதை ஜட்ஜ் முதலிலேயே சோதித்துப் பார்ப்பார். "உன் பெயர் என்ன? எந்தப் பள்ளிக்கூடம்? டீச்சர் பெயர் என்ன? பொய் சொல்லலாமா?" என்று கேட்பார். குழந்தை சொல்லும் பதில்களைப் பார்த்து, சாட்சி சொல்லும் பக்குவம் உண்டா என்று முடிவு செய்வார்.

சத்தியப் பிரமாணம்? பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பிரமாணம் என்றால் என்ன என்று புரியாவிட்டாலும் பாதகம் இல்லை. "உண்மையைத்தான் சொல்ல வேண்டும்" என்பது புரிந்தால் போதும். 1969-ம் வருடத்துப் பிரமாணச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

எட்டு வயதுச் சிறுமியின் வழக்கு

இது பற்றி சுப்ரீம் கோர்ட்டு 1951 டிசம்பரிலேயே ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி விவியன் போஸ்.

ராஜஸ்தானில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஒருவன் கொடுமை இழைத்ததாக வழக்கு. அந்தச் சிறுமி கோர்ட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். பிரமாணத்தின் புனிதம் அவளுக்குப் புரியவில்லை என்று கருதி, விசாரித்த ஜட்ஜ் அவளுக்குப் பிரமாணம் செய்து வைக்கவில்லை.

அங்கே தண்டனை கிடைத்தது. ஆனால் அப்பீலில் செஷன்ஸ் ஜட்ஜ் அவனை விடுதலை செய்தார். சிறுமியின் சொல்லுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார். ஐக்கோர்ட்டு அந்த விடுதலையை ரத்து செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

"பிரமாணம் செய்யாத சாட்சி செல்லாது" என்று குற்றவாளியின் தரப்பில் வாதாடினார்கள். சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. பிரமாணம் செய்யாததால் மட்டும் குழந்தையின் சாட்சி செல்லாமல் போகாது என்று கூறியது.

இன்னொரு விஷயம். சம்பவம் நடந்து சுமார் நான்கு மணி நேரம் கழித்து, அந்தச் சிறுமி தன் தாயிடம் நடந்ததைச் சொல்லியிருந்தாள். அது சிறுமியின் சாட்சிக்குப் பலமான ஆதாரமாக எடுத்துக் கொள்ளப்பட்டது. தண்டனை உறுதியாயிற்று.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தை உங்களிடம் வந்து சொல்கிற முதல் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு உண்டு!

"ஆமாம்" என்றால் என்ன அர்த்தம்?

இனி, வக்கீலின் வேலைக்கு வருவோம்.

"நீ அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை அல்லவா?" என்று வக்கீல் கேட்கிறார். "ஆமாம்" என்கிறது குழந்தை.

போனேன் என்று அர்த்தமா? போகவில்லை என்று அர்த்தமா? இரண்டு வக்கீல்களும் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லிச் சண்டை போடலாம்! நல்ல வக்கீல் இப்படிக் கேட்க மாட்டார். "கடைக்குப் போனாயா?" என்று நேராகக் கேட்பார்.

"நீ கடைக்குப் போய், அங்கே அவரைப் பார்த்து, மிட்டாய் வாங்கினாயா?" இது ஒரு கேள்வி அல்ல, மூன்று கேள்வி. எதற்கு "ஆமாம்" என்று யாருக்குத் தெரியும்? ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்.

அடுத்தது, உறவுப் பெயர். நமது குழந்தைகளுக்கு எல்லோரும் "மாமா"தான். தாயின் தம்பியும் மாமா. பக்கத்து வீட்டுக்காரரும் மாமா. ஆட்டோ ஓட்டுகிறவரும் மாமா. "மாமா அடித்தார்" என்று குழந்தை சொன்னதும் எழுதிக் கொண்டு போய்விட்டால், எந்த மாமா தலையில் பழி விழும்? "எந்த மாமா? எந்த வீட்டில் இருக்கிறார்?" என்று அங்கேயே பொறுமையாகக் கேட்டுத் தெளிவாக்க வேண்டும்.

காலக் கணக்கும் அப்படித்தான். சின்னக் குழந்தைக்குப் போன வாரமும் "நேற்று"; போன மாதமும் "நேற்று". தேதியும் மணியும் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். "தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா?", "பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டதா?" என்று கேட்டால் சரியாகச் சொல்லும்.

கேட்டதையே திரும்பக் கேட்பதும் ஆபத்து. வகுப்பில் ஆசிரியர் மறுபடி கேட்டால் என்ன அர்த்தம்? முதலில் சொன்ன விடை தப்பு என்று அர்த்தம்! கோர்ட்டிலும் குழந்தை அப்படியே நினைத்துக் கொள்கிறது. உடனே பதிலை மாற்றிச் சொல்கிறது.

பெரியவர்கள் கேட்டால் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்றும் குழந்தைகள் நினைக்கிறார்கள். ஆகவே முதலிலேயே, "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்" என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

விடையை ஊட்டலாமா?

"அவன் உன் கையைப் பிடித்து இழுத்தான், இல்லையா?" என்று கேட்டால், விடையையும் வக்கீலே ஊட்டி விடுகிறார். தன் தரப்புச் சாட்சியிடம் இப்படிக் கேட்கக் கூடாது என்பது பொதுவான விதி. குழந்தை விஷயத்தில் இதை இன்னும் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

பிறகு எப்படித்தான் கேட்பது?

"அப்புறம் என்ன நடந்தது?"

இந்த மூன்றே சொற்கள்தான் வக்கீலின் பெரிய ஆயுதம். கேட்டுவிட்டு வாயை மூடிக் கொள்ள வேண்டும். குழந்தை யோசிக்கும். விரலைச் சப்பும். ஜன்னலைப் பார்க்கும். அவசரப்படுத்தக் கூடாது. வாதாடிப் பழகியவருக்குச் சும்மா இருப்பதுதான் மிகவும் கஷ்டமான வேலை!

இப்போது கேள்வி கேட்பவர் யார்?

முன்பெல்லாம் கூண்டில் நிற்கும் குழந்தையை எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தி மிரட்டலாம். எதிரே அந்த ஆளே நின்று முறைத்துப் பார்ப்பான். குழந்தை வாயடைத்துப் போகும். "இந்தக் கண்றாவி வேண்டாம்" என்று எத்தனையோ பெற்றோர் புகார் கொடுக்காமலே இருந்து விட்டார்கள்.

இந்த நிலைமையை மாற்ற 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு சில உத்தரவுகள் போட்டது. குழந்தைக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவே திரை வேண்டும் என்றது. குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி ஜட்ஜிடம் கொடுக்க வேண்டும் என்றது. குழந்தைக்கு இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டும் என்றது.

பிறகு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. அதுதான் போக்சோ சட்டம். 2012 நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

இந்தச் சட்டப்படி எந்தத் தரப்பு வக்கீலும் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது. கேள்வியை ஜட்ஜிடம் சொல்ல வேண்டும். ஜட்ஜ்தான் குழந்தையிடம் கேட்பார்.

மிரட்டிக் கேட்பதும், குழந்தையின் நடத்தையைப் பழிப்பதும் கூடாது. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுத்தடிக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே இடம் இல்லை. தாய், தந்தை அல்லது குழந்தை நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம்.

அந்த ஆள் குழந்தையின் கண்ணில் படாதபடி திரை போடலாம். அல்லது வேறு அறையில் குழந்தையை உட்கார வைத்து வீடியோ மூலம் விசாரிக்கலாம். ஆனால் குழந்தை சொல்வது அவர் காதில் விழ வேண்டும். அப்போதுதான் அவர் தம் வக்கீலுக்கு விவரம் சொல்ல முடியும்.

கோர்ட்டு வழக்கை எடுத்துக் கொண்ட முப்பது நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் வில்லனா?

இல்லை. அவருக்கும் ஒரு கடமை உண்டு.

குழந்தையை யாராவது தூண்டி விட்டிருக்கலாம். வாய்க்கால் தகராறிலும் வீட்டுச் சண்டையிலும் குழந்தையைக் கருவியாக்கும் பெரியவர்களும் உண்டு. ஆகவே, குழந்தையின் சாட்சியை மிகவும் கவனமாக எடை போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டும் பல தீர்ப்புகளில் எச்சரித்திருக்கிறது.

கெட்டிக்கார எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையை மிரட்ட மாட்டார். மிரட்டினால் ஜட்ஜின் மனம் குழந்தை பக்கம்தான் சாயும். "இங்கே என்ன பேச வேண்டும் என்று உன்னிடம் யாராவது சொன்னார்களா?" என்று மெதுவாகக் கேட்பார். சொல்லிக் கொடுத்த பாடம் என்றால் அங்கே வெளுத்துவிடும்.

அப்பாவா? அம்மாவா?

கணவனும் மனைவியும் பிரிந்தால், குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கு வருகிறது. அங்கேயும் குழந்தையின் மனத்தை அறிய வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்த வயதுக் குழந்தையானால், அதன் விருப்பத்தையும் ஜட்ஜ் கவனிக்கலாம். இது 1890-ம் வருடத்துக் கார்டியன் சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் ஜட்ஜ் தம் அறைக்குக் குழந்தையைத் தனியாக அழைத்துப் பேசுவார்.

"அப்பா வேண்டுமா, அம்மா வேண்டுமா?" என்று நாலு பேர் நடுவில் கேட்பது போன்ற கொடுமை வேறு இல்லை. "காலையில் யார் தலை வாரி விடுவார்கள்? காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள்?" என்று கேட்டால், கேட்காமலே விடை கிடைத்து விடும்.

சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொன்னது. குழந்தைகள் பெற்றோரின் சொத்தும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல. அவர்களுடைய நலன்தான் பெரிது என்றது.

பெற்றோர் கவனிக்க!

கோர்ட்டுக்குப் போகுமுன் குழந்தைக்கு வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். உண்மை வழக்கே அதனால் கெட்டுப் போகும். "பயப்படாதே. நடந்ததைச் சொல்" என்றால் போதும். கோர்ட்டு எப்படி இருக்கும், ஜட்ஜ் எங்கே உட்காருவார் என்று முன்கூட்டியே காட்டுவதில் தவறு இல்லை. அரசு வக்கீலிடம் கேட்டால் அதற்கு வழி செய்வார்.

போக்சோ வழக்கில் குழந்தைக்காக நீங்களும் ஒரு வக்கீல் வைத்துக் கொள்ளலாம். பணம் இல்லையா? கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு உதவி தேவையானால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். குழந்தையின் பெயரையும் படத்தையும் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. எனவே ஊருக்குத் தெரிந்து விடுமே என்று ஒடுங்கிப் போக வேண்டாம்.

பாட்டி கதை சொல்லும்போது, பேரப் பிள்ளைகள் மடியில் படுத்து "உம்" கொட்டுவார்கள். பாட்டி கொஞ்சம் நிறுத்தினால், "அப்புறம்?" என்று கேட்பார்கள்.

கோர்ட்டில் அது தலைகீழ். அங்கே சொல்ல வேண்டியது குழந்தை. "உம்" கொட்ட வேண்டியவர்கள் பெரியவர்கள். கறுப்புக் கவுன் போட்டவர்கள் அதைக் கற்றுக் கொண்டுவிட்டால், அந்தப் பிஞ்சுக் குரலில் உள்ள உண்மை வெளியே வந்தே தீரும்!