கொழுக்குமலை ஜீப்பும் மாற்றப்பட்ட எஞ்சினும்

இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் ஊராட்சியில் உள்ள சூரியநெல்லியிலிருந்து, தமிழக எல்லைக்குள் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம்வரை எழும் கொழுக்குமலைக்குச் செல்லும் கற்பாதையில், ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகளைத் தவிர வேறு வண்டிகள் எளிதில் ஏறுவதில்லை. இத்தகைய மலைப்பாதைகளில் ஓடும் பழைய ஜீப்புகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும், அவற்றின் பானெட்டுக்குள் இருக்கும் எஞ்சின்கள் ஒன்றல்ல. தொழிற்சாலை பொருத்திய எஞ்சினும் பட்டறையில் ஏற்றப்பட்ட எஞ்சினும் எந்த வகையில் வேறுபடுகின்றன என்பதை அறியாமல் ஒரு வண்டியின் தரத்தை மதிப்பிட இயலாது.

இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் பல பத்தாண்டுகள் தயாரித்த சி.ஜே. 3பி ரகமே இதற்கு நல்ல சான்று. அதற்கு முந்தைய 3ஏ ரகத்தின் எஞ்சினில், காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியேற்றும் வால்வும் எஞ்சின் பிளாக்கிலேயே அமைந்திருந்தன. 3பியில் வந்த ‘ஹரிகேன்’ என்ற புதிய 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் உள்வால்வு மேலே, சிலிண்டர் ஹெட்டுக்கு இடம் மாறியதால் எஞ்சினின் உயரம் கூடியது. அதை மூடுவதற்காக பானெட்டும் உயர்த்தப்பட்டது. 3பி ஜீப்பை இன்றும் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும் அந்த உயர்ந்த முகம், எஞ்சின் மாறியதன் நேரடி விளைவு.

பின்னர் வந்த டீசல் ஜீப்புகளில் பிரெஞ்சு நிறுவனமான பேஜோவின் வடிவமைப்பில் உருவான எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சின் இடம்பெற்றது. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர் என்பதே அந்த எண்ணின் பொருள். அதன் கொள்ளளவு 2,112 கன சென்டிமீட்டர். அதையடுத்து 2,498 கன சென்டிமீட்டர் கொண்ட எக்ஸ்.டி.3.பி. எஞ்சினும், டிராக்டர் மரபில் வந்த 2,523 கன சென்டிமீட்டர் டி.ஐ. எஞ்சினும் வெவ்வேறு ரகங்களில் பொருத்தப்பட்டன. ஆகவே ‘மேஜர்’, ‘கமாண்டர்’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் எஞ்சினை உறுதியாகச் சொல்ல முடியாது.

உலகப் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களின் கதையும் இதுவே. 1962இல் கரோல் ஷெல்பி, பிரிட்டனின் ஏ.சி. ஏஸ் என்ற இலகுவான காரில் ஃபோர்டின் 260 கன அங்குல வி8 எஞ்சினை ஏற்றி ‘கோப்ரா’வை உருவாக்கினார். பின்னர் 427 கன அங்குல, அதாவது 7 லிட்டர் எஞ்சினைப் பொருத்த முனைந்தபோது பழைய சேஸிஸ் ஈடுகொடுக்காது என்பது தெளிவானதால், 1965இல் தடித்த குழாய்களும் பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங்குகளும் கொண்ட புதிய சேஸிஸ் வடிவமைக்கப்பட்டது. ‘427’ என்ற பெயரில் விற்கப்பட்ட கார்கள் சிலவற்றில் உண்மையில் இருந்தது 428 எஞ்சின் என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

மலை ஏறுவதற்குப் பெரிய எஞ்சின் வேண்டும் என்ற பரவலான நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சுழலும் தண்டை முறுக்கும் விசையின் அளவே முறுக்குவிசை. ஹரிகேன் எஞ்சின் தருவது ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 2.8 மடங்காகவும், விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46 மடங்காகவும், ஆக்சிலில் உள்ள பல்சக்கரங்கள் 5.38 மடங்காகவும் பெருக்க, சக்கரத்தை அடையும்போது அது மொத்தம் 37 மடங்காகிறது. உராய்வு இழப்புகளைக் கழித்த பிறகும், ஒன்றரை டன் எடையுள்ள ஜீப்பை நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றத்தில் இழுக்கத் தேவையான விசையைப் போல் மூன்று மடங்கு கையில் இருக்கும். அங்கே வண்டியைத் தடுப்பது எஞ்சினின் பலவீனம் அல்ல, டயருக்கும் கல்லுக்கும் இடையிலான பிடிமானம்.

அப்படியிருந்தும் டீசல் எஞ்சின்கள் ஏற்றப்பட்டதன் காரணம் எரிபொருள் செலவு. எக்ஸ்.டி.பி.யின் குதிரைத்திறன் 62 மட்டுமே. ஹரிகேனைவிட அது குறைவு. உயரம் டீசலுக்குச் சற்றே சாதகமானது என்பதும் உண்மை. கொழுக்குமலை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், கார்புரேட்டர் வழியே காற்றும் பெட்ரோலும் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்க வேண்டிய எஞ்சின் மூச்சு வாங்குகிறது. டீசல் எஞ்சினோ தேவைக்கு மேற்பட்ட காற்றோடு இயங்குவதால் அதன் இழப்பு குறைவு. இறக்கத்தில் டீசல்தான் நன்றாகப் பிடிக்கும் என்பது மட்டும் ஓரளவே சரி. டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்று திரும்ப விரிந்து, பெற்ற ஆற்றலில் பெரும்பகுதியை பிஸ்டனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இறக்கத்தில் வண்டியைக் காப்பது முதன்மையாக லோ கியரே.

உண்மையான ஆபத்து, 250 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் நவீன டர்போ டீசல் எஞ்சினைப் பழைய சேஸிஸில் ஏற்றும்போது தொடங்குகிறது. 155க்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட கியர்ப் பற்களும் ஆக்சில் தண்டுகளும் அந்தச் சுமையைத் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றத் திணறும். முன்பக்க எடை கூடுவதால் ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங்கும் தடுமாறும். இவை அனைத்திலும் கவலைக்குரியது பிரேக்: வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும்போது, பழைய டிரம் பிரேக்குகள் அப்படியே இருக்கின்றன. எஞ்சினுக்குச் செலவிடுவோர் முதலில் பிரேக்குக்குச் செலவிட வேண்டும்.

சட்டத்தின் நிலைப்பாடும் இதையொட்டியதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தையும் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்தாக வேண்டும். கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உறுதிசெய்தது. பழைய ஜீப் வாங்க விரும்புவோர் எஞ்சினில் பொறித்துள்ள எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.