பதினோரு வருஷ டேட்டா போதுமா? சோட்டா ஷிக்ரி சொல்லும் கணக்கு

எங்க மருங்காபுரி பக்கம் கிணறு வெட்டுறவங்க, போன வருஷம் தண்ணி எந்த மட்டத்துல நின்னுச்சுன்னு மட்டும் கேட்க மாட்டாங்க. பஞ்ச வருஷத்துல எவ்வளவு இறங்குச்சுன்னும் கேட்பாங்க. ஒரு நல்ல மழை வருஷத்தை நம்பி ஆழத்தை முடிவு பண்ண முடியாது. இமயமலை ஐஸ் கணக்கும் அப்படித்தான்.

ஹிமாச்சலப் பிரதேசம், லாஹுல்-ஸ்பிதி மாவட்டத்துல சோட்டா ஷிக்ரின்னு ஒரு பனியாறு இருக்கு. நீளம் சுமார் 9 கிலோமீட்டர். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரான்ஸ் ஆய்வாளர்களோட சேர்ந்து 2002-லிருந்து இதை வருஷாவருஷம் அளந்துட்டு வந்திருக்காங்க.

முறை ரொம்ப எளிமையானது. கீழ்ப்பகுதியில ஐஸைத் துளைச்சு மூங்கில் கம்பு நடுவாங்க. ஐஸ் உருக உருக கம்பு வெளியே தெரியும். அடுத்த வருஷம் போய் எவ்வளவு வெளியே நிக்குதுன்னு பார்ப்பாங்க. இது செலவு. மேல்பகுதியில குழி தோண்டி, புதுசா சேர்ந்த பனியோட ஆழத்தையும் அடர்த்தியையும் அளப்பாங்க. இது வரவு. ரெண்டையும் தண்ணிக் கணக்குக்கு மாத்தினா அந்த வருஷத்து லாப நஷ்டம் தெரிஞ்சிடும்.

சேட்டிலைட் அளவுகளையும் சேர்த்துப் பார்த்தா, 1999 முதல் 2010 வரைக்கும் நஷ்டம் சுமார் 4.8 மீட்டர். அதாவது, பனியாறு முழுக்கப் பரப்பினா அவ்வளவு உயரம் நிக்கிற தண்ணி.

சரி, 1999-க்கு முன்னாடி? அப்போ தொடர்ச்சியா வருஷாவருஷம் கம்பு அளந்த கணக்கு இல்ல. ஆனா 1988-ல பனியாற்றோட மேற்பரப்பு உயரத்தை அளந்த ஒரு சர்வே இருந்துச்சு. 2010-ல ஜிபிஎஸ் எடுத்துட்டுப் போய் மறுபடி அளந்தாங்க. அந்த 22 வருஷத்துக்கும் சேர்த்து நஷ்டம் சுமார் 3.8 மீட்டர்தான்!

11 வருஷத்துல 4.8, ஆனா 22 வருஷத்துல 3.8. எப்படி? முதல் 11 வருஷம் பனியாறு பெருசா எதையும் இழக்கல. கழிச்சுப் பார்த்தா 1 மீட்டர் லாபம்கூட வருது. ஆனா பிழை வரம்பு அதைவிடப் பெருசு. அதனால 'கிட்டத்தட்ட சமநிலை'ன்னு சொல்றதுதான் நியாயம்.

இன்னும் பின்னாடி போக, புந்தர் விமான நிலையத்து வானிலைப் பதிவுகள் உதவுச்சு. வெப்பநிலை, மழையை வச்சு ஐஸ் இருப்பைக் கணக்கிடுற மாடலை, நேரடியா அளந்த வருஷங்களோட ஒப்பிட்டு சரிபண்ணி, 1969 வரைக்கும் ஓட்டினாங்க. 1985 வரை மிதமான இழப்பு, 2000 வரை சமநிலை, அப்புறம் வேகமான இழப்புன்னு வந்துச்சு. சாஃப்ட்வேர்ல பழைய சிஸ்டத்தையும் புதுசையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்டி, ரெண்டும் ஒரே விடை தருதான்னு பார்ப்போமே, அந்த மாதிரி.

தொண்ணூறுகளை மட்டும் பார்த்தவர் 'ஐஸ் உருகவே இல்ல'ம்பார். 2002-க்கு அப்புறம் மட்டும் பார்த்தவர் 'எப்பவும் இதே வேகம்தான்'பார். ரெண்டுமே தப்பு. இந்தத் தண்ணி சந்திரா நதி வழியா செனாப்புக்குப் போகுது. அதை நம்பித் திட்டம் போடுறவங்களுக்கு முழு நீளக் கணக்கு வேணும்.

ஒரு வருஷம் அளக்காம விட்டா அந்த வருஷத்துக்கு பேக்கப் கிடையாது. அடுத்த தடவை பனியாறு பத்தி ஒரு செய்தி வந்தா, எத்தனை சதவீதம்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, எந்த வருஷத்துலேர்ந்து எண்ணியிருக்காங்கன்னு பாருங்க.