பாய்மரப் படகில் இணைய அலைகள்



மலாக்கா நீரிணையில் படகு செலுத்துவோர்க்குச் ‘சுமாத்திராக் காற்று’ புதிதன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் பின்னிரவிலோ விடியலிலோ, சுமாத்திராத் தீவின் பக்கமிருந்து இடிமழையுடன் அணிவகுத்து வரும் சூறைக்காற்றுக்கே அப்பெயர். மலேசிய வானிலைத் துறையின் ரேடார் படங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. போர்ட் டிக்சனுக்கு எதிரே நங்கூரமிட்டிருக்கும் ஒருவர் நள்ளிரவில் அப்படத்தைக் கண்டால், நங்கூரச் சங்கிலியை முன்கூட்டியே நீட்டி விடலாம். ஆனால், கரையிலுள்ள வைஃபை நிலையம் 500 மீட்டர் தொலைவிலேயே இருந்தும், படகின் அறைக்குள் இருக்கும் கைத்தொலைபேசியில் படம் திறப்பதில்லை. இதற்குக் காரணம் என்ன? பரிகாரம் என்ன? இவற்றை இன்று காண்போம்.

முதற் காரணம் உயரக் குறைவு. வைஃபை அலைகளில் நெடுந்தொலைவுக்கு ஏற்றவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள். அவற்றின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். இவ்வலை நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் செல்வதில்லை. நடுவில் பருத்த வெள்ளரிக்காயைப் போன்ற ஒரு வெளி அதற்கு வேண்டும். 500 மீட்டர் தொலைவுக்கு, அவ்வெளியின் நடுப்பகுதி கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் 4 மீட்டர் அளவு பரந்திருக்கும். தொலைபேசியோ நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே அவ்வெளியின் கீழ்ப்பகுதி கடலில் மூழ்கிவிடுகிறது. நீரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையுடன் மோதி அதை நலிவுறச் செய்கிறது. படகின் உடல் இரும்பாகவோ அலுமினியமாகவோ இருந்தால், உள்ளே அலை நுழைவதே அரிது.

எனவே, ஏரியலை வெளியே கொண்டு வந்து உயர்த்துவதே முதல் வேலை. பாய்மரத்தின் குறுக்குக் கைகள் இதற்கு நல்ல இடம். நிலையாகப் பொருத்த இயலாதவர்கள், நங்கூரமிட்ட வேளையில் பாயை ஏற்றும் கயிற்றிலேயே கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் ஏமாந்து போகும் இடம் ஒன்றுண்டு. ஏரியலை மேலே வைத்து, ரௌட்டரைக் கீழே அறையில் வைத்து, இரண்டையும் மெல்லிய ஏரியல் கேபிளால் இணைத்துவிடுகிறார்கள். அத்தகைய கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் வீணாகிறது. 10 மீட்டர் இறங்குவதற்குள் வந்த வலுவில் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். உயரத்தால் பெற்றதைக் கேபிள் விழுங்கிவிடுகிறது. ஏரியலோடு வானொலிப் பகுதியும் ஒன்றாக அமைந்த, மழை தாங்கும் கருவியையே மேலே பொருத்திவிட்டால் இத்தொல்லை இல்லை. அங்கிருந்து கீழே வருவது சாதாரணக் கணினி வலைக் கேபிள். அது 100 மீட்டர் வரை செய்தியைப் பழுதின்றிக் கொண்டு வரும். கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதிலேயே அனுப்பலாம்.

அடுத்து, எத்தகைய ஏரியல்? ரொட்டி சானாய் மாவு உருண்டையைத் தட்டத் தட்ட அது அகன்று விரிகிறது; மாவு கூடுவதில்லை. ஏரியலும் அப்படித்தான். டெசிபெல் எண் கூடக்கூட, அலை தட்டையாகித் தொலைவுக்குச் செல்கிறது. 8 டெசிபெல் கொண்ட நெடிய ஏரியலின் வீச்சு, மேலும் கீழுமாகச் சேர்த்து 15 பாகை அளவே. பாய் விரித்து ஓடும் படகு 20 பாகை சாயும்போது அந்த வீச்சு ஒருபுறம் வானத்தையும் மறுபுறம் கடலையும் நோக்கிவிடும். ஓடும் படகுக்கு 5 டெசிபெல் ஏரியலே பொருந்தும். ஒரே திசையை நோக்கும் ஏரியல், நீரோட்டம் மாறும்போதெல்லாம் திரும்பும் நங்கூரப் படகுக்கு உதவாது.

வலுவைப் பெருக்கும் கருவி வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். இணையம் இருவழிப் பேச்சு. நாம் உரக்கக் கத்துவதால், கரையிலிருப்பவர் மெல்லச் சொல்லும் மறுமொழி நமக்குக் கேட்டுவிடாது. நல்ல ஏரியலோ வாயாகவும் காதாகவும் உதவும். மேலும், அனுப்பும் வலுவுக்குச் சட்டத்தில் வரம்பும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும், சில மாதங்களில் தொடர்பு தளர்ந்தால் இணைப்புகளைக் கழற்றிப் பாருங்கள். உப்புநீர் புகுந்து செம்பு பச்சை பூத்திருக்கும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இணைப்புகளை இறுகச் சுற்றுவதும், நுழைவாயிலுக்கு முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு நீர் சொட்டச் செய்வதும் நலம்.

இறுதியாக ஒன்று. பாய்மரத்தின் உச்சியை வைஃபைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது விஎச்எஃப் வானொலியின் ஏரியலுக்கு உரிய இடம். இணையம் புயல் வருவதை முன்னரே காட்டலாம்; புயலில் சிக்கியவர் எழுப்பும் அபயக்குரல் சுற்றியுள்ள கப்பல்கள் அனைத்திற்கும் ஒரே வேளையில் எட்டுவது 16ஆம் அலைவரிசையில்தான். முன்னது வசதி, பின்னது உயிர்க்காப்பு என்பதை மனத்திற் கொள்வோமாக.